பேப்பர் கப்புக்குப் பதில் என்ன? டீக்கடைக்காரர்களும் கல்யாண வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. விற்பனை ஒரு பக்கம், வாடகைக்கு விடுவது ஒரு பக்கம். கொஞ்ச வருடமாக வாடகைப் பக்கம் வருகிறவர்கள் அண்டா, குண்டானைவிட டம்ளரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். டீக்கடைக்காரர்கள், சமையல் கான்ட்ராக்டர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கோயில் விழாக் கமிட்டிக்காரர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டோம். பாத்திரம் விற்பவன் டம்ளருக்குத்தானே வக்காலத்து வாங்குவான் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பேப்பர் கப் பேப்பர்தானே? மண்ணில் மட்கிவிடாதா?

வெறும் பேப்பரில் காபி ஊற்றிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் கை நனையும். கப் நனையாமல் நிற்பதற்குக் காரணம் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பாலித்தீன் படலம். எடையில் அது கொஞ்சம்தான், ஆனால் பேப்பரோடு அப்படி ஒட்டிப்போயிருக்கும். பிரிப்பதற்குத் தனி வசதியுள்ள ஆலை வேண்டும். அதனால்தான் தினத்தாளை எடை போட்டு வாங்கும் பழைய பேப்பர்காரர், கப் மூட்டையைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுகிறார்.

கரக்பூர் ஐஐடியில் 2021-ல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. இப்படிப்பட்ட கப்பில் 100 மி.லி. சூடான நீரை ஊற்றிப் 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன என்று கண்டார்கள். காபியை ஆறவைத்து நிதானமாகக் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, தண்ணீர் கிளை வாய்க்காலுக்கு வரும்போது தண்ணீருக்கு முன்னால் வருவது கரையோரக் குப்பைதான். டீக்கடை வாசலில் போட்ட கப் மிதந்து போய் மதகில் அடைக்கிறது. மேலே இருப்பவனுக்கு அது ஒரு கப். கடைமடையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எதிர்பார்த்து நிற்பவனுக்கு அது ஒரு கூடைக் குப்பை.

அது தடை செய்யப்பட்டதா, இல்லையா?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பேப்பர் கப் உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. கடையில் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறதுதான். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மண் குவளை நல்லதுதானே? வடக்கே ரயிலில் கொடுக்கிறார்களே?

2004-ல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சரானபோது நிலையங்களில் மண் குவளையைக் கொண்டுவந்தார். பரவலாக நிலைக்கவில்லை. மண் குவளையில் காபி குடித்தால் ஒரு வாசனை வரும், அதை மறுக்க முடியாது. காவிரி வண்டலும் சாதாரண மண் இல்லை. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்கு அச்சு எடுப்பதே இந்த மண்ணில்தான்.

ஆனால் ஒருமுறை குடித்து உடைப்பதற்காகத் தினம் ஐந்நூறு குவளை சூளையில் சுட வேண்டும் என்றால் எவ்வளவு விறகு? அதோடு, சுட்ட மண் மட்காது. மட்கும் என்று சொல்பவர்கள் கீழடிக்கு ஒரு நடை போய்வர வேண்டும். இரண்டாயிரம் வருடத்துப் பானை ஓடு அப்படியே கிடக்கிறது. நிலத்துக்குக் கெடுதல் இல்லை என்பது வேறு, மட்கும் என்பது வேறு. மண்பாண்டம் செய்யும் வேளார் வீடுகளில் வேலை நடக்க வேண்டும் என்று நினைத்தால், கழுவித் திரும்ப வைக்கக் கூடிய, கொஞ்சம் தடித்த, உள்ளே பளபளப்புப் பூச்சுள்ள குவளையாகக் கேளுங்கள். அந்தப் பூச்சில் ஈயம், அதாவது காரீயம், இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கரும்புச் சக்கை, வாழை, உமி, சோளமாவு... இத்தனை வருகிறதே?

வருகிறது. டெல்டாவில் இவற்றில் பாதி நம் வயலிலேயே கிடக்கிறது என்பதால் எல்லாருக்கும் ஆசை. தொழில் தொடங்கலாமா என்று கேட்டு வரும் இளைஞர்கள் ரொம்பப் பேர். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

கரும்புச் சக்கையில் தட்டு நன்றாக வரும். கரூர் பக்கம் புகழூரில் டிஎன்பிஎல் ஆலை சக்கையிலிருந்து காகிதமே செய்கிறது. கொதிக்கிற காபிக்கு என்று வரும்போது சக்கைக் கூழ் மட்டும் போதாது, ஊறும். ஊறாமலிருக்க எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எண்ணெய், தண்ணீர் ஒட்டாமலிருக்க பிஎஃப்ஏஎஸ் என்ற வகை ரசாயனங்களை இத்தகைய தட்டு, கிண்ணங்களில் சேர்க்கும் வழக்கம் உண்டு. அவை மண்ணிலும் தண்ணீரிலும் எளிதில் அழியாதவை. விற்பவர் அது இல்லை என்று எழுதித் தந்தால் வாங்கலாம்.

வாழைமட்டைத் தொன்னை பொங்கலுக்கும் சுண்டலுக்கும் ஆனது. பனையோலைப் பட்டை பதநீருக்கு ஆனது. இரண்டிலும் சூடான காபி நிற்காது. நம் முன்னோர் எதை எதற்கு வைத்தார்களோ அதை அதற்கு வைப்பதே மரியாதை.

உமியில் செய்தது, மூங்கிலில் செய்தது என்று வருகிற கெட்டியான கப்புகளில் உமியும் மூங்கில் தூளும் நிரப்புப் பொருள்தான். பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மெலமைன் பிசின் என்ற பிளாஸ்டிக். சூடான பானம் ஊற்றினால் அதிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் இறங்கலாம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் மூங்கில் பிளாஸ்டிக் பாத்திரங்களைச் சந்தையிலிருந்து விலக்க நடவடிக்கை எடுத்தது.

சோளமாவு கப் என்று சொல்லப்படுவதில் உள்ளே பூசியிருப்பது பிஎல்ஏ என்ற, மாவுப்பொருளிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். மட்கும், ஆனால் வீட்டுக் குப்பைக்குழியில் அல்ல. 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூட்டை நிறுத்திவைக்கும் உர நிலையம் வேண்டும். உங்கள் நகராட்சியில் அப்படி ஒன்று ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பேப்பர் கப்போடு அதே மேட்டில்தான் இதுவும் கிடக்கும்.

குடித்தபின் கடித்துத் தின்னும் பிஸ்கட் கப் குழந்தைகளுக்குப் பிடிக்கும். தினசரி டீக்கு யார் அவ்வளவு செலவழிப்பார்கள்?

அப்படியென்றால் எதைத்தான் வடிவமைப்பது?

கப்பை அல்ல, கப் திரும்பி வரும் வழியை. எங்களுக்கு இதில் சந்தேகமே இல்லை. எந்தப் பொருளில் செய்து தூக்கிப் போடலாம் என்று தேடும்வரை ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும்.

குடிக்கிற பாத்திரத்தை நம் ஊர் எப்போதோ வடிவமைத்து முடித்துவிட்டது. டபரா செட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டம்ளரின் வாய் வெளியே மடிந்திருப்பதால் காபி கொதித்தாலும் விளிம்பில் பிடித்துத் தூக்கலாம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் அந்த மடிப்புதான் உதவுகிறது. டபரா ஆற்றுவதற்கும் ஆகிறது, சிந்துவதைப் பிடிக்கவும் ஆகிறது. கவிழ்த்தால் மூடி. அளவும் கவனியுங்கள். நம் காபி 100 மி.லி. சுமாருக்கு நின்ற இடத்தில் குடித்து முடிக்கிற காபி. அரை லிட்டர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் ஊர்களுக்காகச் செய்த மூடி, உறிஞ்சுதுளை, ரப்பர் பட்டை எல்லாம் நமக்கு அநாவசியம்.

நமக்கு விடுபட்டது மூன்றே விஷயம். கழுவ ஆள், கழுவும் இடம், வெளியே போன டம்ளர் திரும்புவது.

டீக்கடைக்கு எந்த டம்ளர் வாங்கலாம்?

கண்ணாடி கிளாஸில் டீயின் நிறம் தெரியும், அதனால் மாஸ்டர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் பச்சைத் தண்ணீரில் அலம்பிய உடனே அதில் கொதிக்கும் டீயை ஊற்றினால் விரிசல் விடும். உடைந்த கிளாஸை எண்ணி மாளாது என்பவர்கள் எவர்சில்வருக்கு வரலாம்.

எவர்சில்வரில் 304 என்ற ரகம் கேளுங்கள். மலிவு டம்ளர்கள் 202 ரகம். உப்புத் தண்ணீர் உள்ள கடலோர ஊர்களில், நாகை, வேதாரண்யம் பக்கம், அதில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கடைத்தெருவில் ஒரு நம்பிக்கை. காந்தம் ஒட்டினால் அது வேறு மலிவு ரகம் என்று தெரியும், சரி. ஆனால் 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே வழி. எங்களிடமும் அப்படியே கேளுங்கள்.

இன்னும் இரண்டு. விளிம்பு மடிப்பு உள்ளே இடைவெளி விடாமல் அழுந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் ஆடை அதில் புகுந்து நாறும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பாதிக்கு மேல் இறங்கக் கூடாது. ஈரத்தோடு முழுக்க இறங்கிய டம்ளரைப் பிரிக்க இரண்டு ஆள் வேண்டும், கூட்ட நேரத்தில் மாஸ்டரின் வாயிலிருந்து என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கழுவத் தண்ணீர் வீணாகாதா?

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் வீண்தான். மூன்று வாளி வையுங்கள். முதலில் மண்டி கழிய ஒரு முக்கு, அடுத்து சோப்பு நீரில் தேய்ப்பு, மூன்றாவதில் அலசல். ஒவ்வொன்றும் 20 லிட்டர், நூறு டம்ளருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று வைத்தால் டம்ளருக்கு 600 மி.லி. கடையில் பாய்லர் எப்படியும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியாகக் கம்பிக்கூடையோடு அந்த வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுங்கள். 77 டிகிரிக்கு மேல் 30 விநாடி என்பது கைமுறையாகக் கழுவும் இடங்களுக்குப் பல நாடுகளில் சொல்லப்படும் அளவு. பிறகு துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். அந்தத் துணிதான் கடையிலேயே அழுக்கான பொருள்.

முதல் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். சோப்பு வாளி அதற்கு வேண்டாம்.

செலவு கட்டுமா?

உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதுதான். நாளைக்கு 400 டீ, கப் 70 காசு என்றால் தினம் 280 ரூபாய், மாதம் 8,400. டம்ளர் 40 ரூபாய் என்றால் 150 டம்ளருக்கு 6,000, அது ஒரே முறை. அதோடு முடிந்தது என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு. கழுவுகிறவருக்குச் சம்பளம் இருக்கிறது, அதுதான் நிஜமான செலவு. ஏற்கெனவே எடுபிடிக்கு ஆள் இருக்கும் கடைக்குக் கட்டும். தனியாளாகத் தள்ளுவண்டி ஓட்டுபவருக்கு இன்றைய நிலையில் கட்டுவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாலைந்து வண்டிகள் சேர்ந்து ஒருவரைக் கழுவ வைத்துக்கொண்டால் உண்டு. பேருந்து நிலையம், சந்தை போன்ற இடத்தில் அது நடக்கிற காரியம்.

எஃகு செய்வதற்கும் நெருப்பு வேண்டுமே? அதற்குப் பேப்பர் கப்பே மேல் என்கிறார்களே?

நல்ல கேள்வி, பாதி உண்மை. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஹாக்கிங் 1994-ல் இதைக் கணக்கிட்டார். பீங்கான் கப் 39 முறை பயன்பட்டால்தான் பேப்பர் கப்புக்குச் சமம் என்றும், கண்ணாடிக்கு 15 முறை என்றும் வந்தது. அங்கே கழுவுவது வெந்நீர் இயந்திரத்தில், மின்சாரம் அதற்குத்தான் போகிறது. எவர்சில்வர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். வீட்டு அலமாரியில் அழகுக்கு வாங்கி வைக்கும் கப்புக்கு 39 என்பது பெரிய எண். டீக்கடை டம்ளர் ஒரு நாளில் பத்து முறை நிறையும். நான்கு நாளில் அந்த எண்ணைத் தாண்டிவிடும். அடிபட்டு ஒடுங்கினாலும் எடைக்குப் போடலாம், அது மறுபடி உலைக்குத்தான் போகும்.

பரிசுக்கு விலை உயர்ந்த கப் நாலு வாங்கி நாலும் தூங்கினால் அது நமக்கு வியாபாரம், வாய்க்காலுக்கு ஒன்றும் இல்லை.

ஒருத்தர் குடித்த டம்ளரில் இன்னொருத்தர் குடிப்பதா?

ஓட்டலில் தட்டு யாருடையது? வெந்நீர் முக்கல் ஒழுங்காக நடந்தால் சுகாதாரத்துக்குக் குறையில்லை. கழுவும் இடத்தைக் கடையின் பின்னால் ஒளிக்காமல் வாடிக்கையாளர் பார்க்கிற இடத்தில் வையுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இந்தக் கேள்விக்குள் சில சமயம் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இரட்டைக் குவளை இருந்த மண் இது. தெருவைப் பார்த்து ஒருவருக்குக் கிளாஸ், இன்னொருவருக்குக் கொட்டாங்கச்சி. பேப்பர் கப் வந்தபோது எல்லாருக்கும் ஒரே கப் என்று நிம்மதிப்பட்டவர்களும் உண்டு. அந்த நிம்மதியைத் தப்பு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. வேறு சில இடங்களில் அதே கப்பை வைத்தே பழைய வேலையைப் புது மாதிரி செய்தார்கள், சிலருக்கு டம்ளர், சிலருக்கு மட்டும் கப் என்று.

ஆகவே நாங்கள் வாடகைக்கு விடும்போது ஒரு நிபந்தனை வைக்கிறோம். ஒரு கடையில் ஒரே வகை டம்ளர். நிறம், அளவு, அடையாளம் எதுவும் மாறக் கூடாது. தனியாக ஒரு அடுக்கு வேண்டும் என்று கேட்ட ஒருவரிடமிருந்து ஒருமுறை எல்லா டம்ளரையும் திரும்ப வாங்கிக்கொண்டோம். தீண்டாமை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒழிக்கப்பட்டது. அதற்கு எங்கள் கடை டம்ளர் உதவாது.

பார்சல் எப்படிக் கொடுப்பது?

பாலித்தீன் பையில் டீ ஊற்றி நூலால் சுற்றிக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். அதை முதலில் விடுங்கள். பார்சல் வாங்குபவர் யார் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். எதிர்க்கடை, பக்கத்து அலுவலகம், கட்டட வேலை நடக்கும் இடம், நடவுக்கு ஆள் விட்டிருக்கும் வயல். பெரும்பாலும் தினம் வரும் அதே முகங்கள். அவர்களுக்குக் கப் தேவையில்லை, தூக்குவாளியும் பிளாஸ்க்கும் போதும். கடையில் நாலு தூக்கு வாங்கி எண் வெட்டி வையுங்கள். காலையில் நிறைந்து போனது சாயங்காலம் காலியாக வரும். சொந்தத் தூக்கு கொண்டுவருபவருக்கு விலையில் ஒரு ரூபாய் குறைத்தால் போதும், தெருவுக்கே சேதி போய்விடும்.

ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு ஆயிரம் டம்ளரா?

வேண்டாம். காபி ஓடும் நேரம் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஒரு டம்ளர் கைக்குப் போய், குடித்து, கழுவி, மறுபடி தட்டுக்கு வர 40 நிமிடம். மூன்று சுற்று வரும். 334 போதும், கைக்காவலுக்குச் சேர்த்து 400. டம்ளரைக் குறைத்து கழுவ ஆளைக் கூட்டுங்கள். நாலு பேர் கழுவும் இடத்தில் இரண்டு பேரைப் போட்டுவிட்டு, கடைசியில் ஓடிப்போய்ப் பேப்பர் கப் வாங்கியவர்கள் நிறைய. அந்த நாலு பேருக்கும் கூலியோடு உட்கார்ந்து சாப்பாடு என்பதைக் கான்ட்ராக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

திருவிழாவில் டம்ளர் காணாமல் போகாதா?

போகும். ஒரு கோயில் விழாவுக்கு முதல்முறை 300 கொடுத்தோம், 211 திரும்பியது. யாரும் திருடவில்லை. காபி வாங்கிக்கொண்டு சாமி பார்க்க நடந்துவிட்டார்கள், குடித்து முடித்த இடத்தில் வைத்துவிட்டார்கள். தப்பு எங்களுடையது, பந்தலுக்கு எல்லை போடவில்லை. மறுவருடம் ஒரு கயிறு கட்டி, உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி வைத்து, வெளிவழியில் பெரிய அண்டா வைத்தோம். அதில் போட்டால்தான் தாண்ட முடியும். ஏழு மட்டும் குறைந்தது.

கயிறு கட்ட முடியாத இடத்தில் முன்பணம். ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரம் 2016-ல் ஒரு யூரோ முன்பணத்துக்கு ஊர் முழுக்கப் பொதுக் கப் விட்டது, எந்தக் கடையில் வாங்கினாலும் வேறு கடையில் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுத்தார்களே, அதே கணக்குதான். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. கோலி சோடாவில் இது நம் தாத்தாக்களுக்கே தெரியும்.

2028-ல் மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கில் ஜனம். அதற்கு நம் ஊரில் இருக்கும் வாடகைப் பாத்திரக்காரர்கள் எல்லாரும் ஒரே அளவு டம்ளருக்கு ஒத்துக்கொண்டால், யார் டம்ளர் யாரிடம் போனாலும் எண்ணிக்கை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு எடுத்திருக்கிறோம். இப்போதைக்கு அளவிலேயே சண்டை நிற்கிறது, 100 மி.லி.யா 120-ஆ என்று.

டம்ளரில் பெயர் வெட்டுவது அவசியமா?

வெட்டுங்கள். சீர்வரிசைப் பாத்திரத்திலேயே பெயர் வெட்டும் ஊர்க்காரர்கள் நாம். அடியில் கடை எண், வருடம் இரண்டும் போதும். பக்கவாட்டில் ஆழமாக வெட்டினால் அழுக்கு சேரும்.

வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை டபரா இருக்கிறது. காபி குடிக்கலாமா?

உள்ளே ஈயம் பூசியிருந்தால் குடிக்கலாம். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். கருப்பு ஈயம் கலந்த பூச்சு விஷம், அதனால் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். உட்பக்கம் மஞ்சள் தெரிய ஆரம்பித்திருந்தால் பூச்சு போய்விட்டது, மறுபடி பூசும்வரை அதில் குடிக்காமல் எடுத்து வையுங்கள். வெளிப்பக்கத்துக்குப் புளி போதும். உள்ளே புளி போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற பூச்சும் போகும். கடைக்குக் கொண்டுவந்தால் பூசுகிறவரிடம் சேர்த்து விடுவோம். அவர் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார்.